பெரிய எஸ், சின்ன எஸ்

இன்று காலை உன் மேசையிலிருந்த விசைப்பலகையைத் துடைக்க எடுத்தேன். கவிழ்த்து இரண்டு தட்டு தட்டியதும் உள்ளிருந்து தூசியும், ஒரு நீள முடியும், மூன்று கிராம்பும் விழுந்தன. பல்வலி என்று சொல்லிக்கொண்டு நாள் முழுக்க ஒன்றை வாயில் அடக்கி வைத்திருப்பாயே, அந்தக் கிராம்பு. மூக்கருகே கொண்டுபோனேன். வாசனை இன்னும் இருந்தது. மேசையில் உட்கார்ந்து எதையும் மெல்லாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்கிற ஆளா நீ? ஊரிலுள்ள சத்தம் அத்தனையும் உன் காதில் விழும். நான் சொல்வது மட்டும் விழாது.

துடைக்க வந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் இதை உன் கணினி உனக்கு வாசித்துக் காட்டியிருக்கும், எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாத அந்த அவசரக் குரலில். மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிட்டு, "விஷயத்துக்கு வாடீ" என்றிருப்பாய்.

விஷயம் நம் அலுவலகம்தான். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து தரும் சின்ன அறக்கட்டளை. தன்னார்வலர்கள் வந்து வாசிப்பார்கள். அவர்களுடைய இருமலையும் பக்கம் புரட்டும் சத்தத்தையும் நான் வெட்டி எடுப்பேன். நீ கடைசியாகக் கேட்டு, எந்த வரியில் எந்த எழுத்து விழுங்கப்பட்டது என்று குறித்துக் கொடுப்பாய். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கென்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. விமானச் சத்தம் கேட்டதும் பதிவறையில் வாசிப்பவர் நிறுத்துவார். வெளியில் பேசிக்கொண்டிருக்கும் நாமும் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்வோம். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோவார்கள்.

நீயும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சாலையைக் கடக்க நீ நின்றிருந்தாய். நான் ஓடிவந்து உன் கையை இறுக்கிப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை. "கையைப் பிடிக்காதே. கையைக் குடு, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நல்லது செய்ய வந்தவளை விரட்டுகிறாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். மறுகரை சேர்ந்ததும், "மூஞ்சிய எறக்குடீ, மூச்சு வேற மாதிரி வருது" என்றாய். அன்றிலிருந்து நாம் தோழிகள். நீ மேற்குத் தாம்பரத்திலிருந்து ரயிலில் வருவாய். நான் அனகாபுத்தூரிலிருந்து பேருந்து மாறி வருவேன். அம்மா பல்லாவரம் பக்கம் மீன் விற்பவள் என்று முதலில் உன்னிடம்தான் கூசாமல் சொன்னேன். "அதான் உன் டப்பாவுல தெனமும் அந்த வாசனை, நானும் எப்படா கூப்பிடுவாங்கன்னு பாக்கறேன்" என்று நீயே விருந்துக்கு அழைத்துக்கொண்டாய்.

சர்வர் தொல்லையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. எல்லாப் பதிவுகளும் ஒரே சர்வரில்தான் இருந்தன. ஆனால் யார் ஒரு கோப்பை உருவாக்கினாரோ அவருக்கு மட்டுமே அது சொந்தம். பிரேமா அக்கா சேலையூரிலிருந்து வந்து இயற்பியல் வாசித்துவிட்டுப் போவார். அவர் கோப்பை நான் திறக்கலாம், திருத்திச் சேமிக்க முடியாது. அவர் மகளுடைய பிரசவத்துக்கு ஊருக்குப் போனபோது ஐந்து பாடங்கள் அப்படியே முடங்கின. மாதம் ஒருமுறை வந்து சர்வரைப் பார்த்துவிட்டுப் போகும் ஆளுக்குப் போன் செய்தோம். அவர் அந்தப் பக்கத்திலிருந்து, "எல்லாத்துக்கும் ஏழு ஏழு ஏழு போட்டு விட்டுடறேன்" என்றார். அதாவது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். பூட்டு சரியில்லை என்றதற்குக் கதவையே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

நமக்கு அப்போது அது வசதியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம், தன் கோப்புறையை ஒழுங்கு செய்கிறேன் என்று உட்கார்ந்த ஒரு தன்னார்வலர், பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு முழுவதையும் தெரியாமல் அழித்துவிட்டார். பெருங்களத்தூரிலிருந்து ஒருவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், வாரம் தவறாமல் அந்த வரலாற்றுக்காகப் போன் செய்துகொண்டிருந்தார். அவருக்கு யார் பதில் சொல்வது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போனை எடுத்தவள் நீ. பேசி முடித்து வைத்துவிட்டு நேரே செயலாளர் அறைக்குப் போனாய். வாசலில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சர்வரை எங்கிட்ட குடுங்க சார். நான் பாத்துக்கிறேன்."

செயலாளர் கெட்டவர் இல்லை. அது உனக்கும் தெரியும். அவர் குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்கம்மா. திரையைப் பாக்காம அதெல்லாம் எப்படி? ஒரு எழுத்து மாறினாப் போச்சே" என்றார்.

பார்வையில்லாதவர்களுக்காக நடத்தும் இடத்தில் இப்படி ஒரு பதில்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நீ நிதானமாக, கமாண்ட் அடிக்கும் வேலைக்குச் சுட்டியும் வேண்டாம் படமும் வேண்டாம், எழுத்துதான் போகும் எழுத்துதான் வரும், அது காதுக்கென்றே செய்த மாதிரி என்று விளக்கினாய். கடைசியில் அவர் பாதி இறங்கி வந்தார். புது ஏற்பாட்டை நீ செய்து காட்டலாம். அடுத்த மாதம் அறங்காவலர்கள் வரும் நாளில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் நீதான் சர்வர் இன்சார்ஜ். நடக்காவிட்டால் வெளி ஆளுக்கே முழுப் பொறுப்பையும் கொடுத்துவிடுவார்கள். அதுவரை முதன்மைக் கடவுச்சொல் என்னிடம் இருக்கும்.

ஆமாம், என்னிடம். கட்டளைகளில் ஒன்றுகூட உருப்படியாகத் தெரியாத என்னிடம். எனக்குக் கண் தெரியும், அந்த ஒரு தகுதி போதுமாக இருந்தது. ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தார். உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நீ சிரித்தாய். "நல்லதாப் போச்சு. அடிக்கிற வேலை உனக்கு, அதிகாரம் பண்ற வேலை எனக்கு" என்றாய். சிரிப்புக்குப் பிறகு கொஞ்ச நேரம் கிராம்பைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாய். உனக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். இதைவிட நன்றாக எனக்கு எதுவும் தெரிந்ததில்லை.

அந்த ஒரு மாதம் நீ சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வாசிப்பு, வெட்டு, கேட்பு என்று மூன்று குழுக்கள், மூன்று கோப்புறைகள். யார் எந்தக் குழு என்று பட்டியல்; நீயும் நானும் மூன்றிலும். ஒவ்வொரு கோப்புறைக்கும் முன்னால் நிற்கும் அந்த எழுத்து வரிசையை எனக்குப் புரியவைக்க நீ பட்ட பாடு இருக்கிறதே! ஆர் என்றால் உள்ளே யார் யார் என்று பெயர் கேட்கலாம். டபிள்யூ என்றால் உள்ளே புதிதாக வைக்கலாம், இருப்பதை எடுக்கலாம். எக்ஸ் என்றால் வாசல் தாண்டி உள்ளே போகலாம். எக்ஸ் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் இருந்தும் பிரயோசனம் இல்லை. முதலில் நிற்கும் டி கோப்புறை என்பதற்கு, அடுத்த மூன்று எழுத்து உரிமையாளருக்கு, அதற்கடுத்த மூன்று குழுவுக்கு. இதெல்லாம் எனக்கு ஏறிவிட்டது. குழுவுக்குரிய எக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் நீ ஒரு எஸ் வைக்கச் சொன்னதுதான் ஏறவில்லை.

"உன் இனிஷியல் என்னடீ?" என்று கேட்டாய்.

"அப்பா பேரு. எம்."

"இந்த எஸ் இருக்கிற ரூமுல பொறக்கிற கொழந்தைக்கு அப்பா இனிஷியல் கெடையாது. ரூமோட இனிஷியல்தான். பிரேமா அக்கா பெத்தாலும் சரி, நீ பெத்தாலும் சரி, பத்திரத்துல குழு பேருதான் விழும். அதனால குழுவுல இருக்கிற எல்லாரும் எடுத்து வளக்கலாம்."

"அக்கா இதக் கேட்டா சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். பிரசவத்துக்கு ஊருக்குப் போகும்போது புள்ளைய பூட்டிட்டுப் போனவங்கதானே."

அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் பதிவறையிலிருந்து கதவைத் தட்டினார்கள். எஸ் மட்டும் வைத்தால் போதாது, புதிதாகப் பிறக்கும் கோப்பைக் குழு திருத்தும்படியும் செய்ய வேண்டும் என்று இன்னொரு எண்ணையும் மாற்றச் சொன்னாய். எல்லாம் முடிந்ததும் வரிசையைப் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னாய். drwxrws---. எஸ் இருந்தது. காதில் ஒருமுறை நீயும் சரிபார்த்துக்கொண்டாய். அப்போதுதான், ஏதோ பேச்சுவாக்கில், "அந்த ஏழு ஏழு ஏழு ஆளு பண்ண வேலையில ஆடியோ ஃபைலுக்கெல்லாம் எக்ஸ் ஒட்டிக்கிட்டு நிக்குது. கேக்கிற ஃபைலுக்கு எதுக்கு எக்ஸ்? அது என்ன வாசல் வெச்ச ரூமா? ஒருநாள் சுத்தம் பண்ணணும்" என்றாய்.

ஒருநாள் என்றாய். நான் காத்திருந்திருக்கலாம்.

அறங்காவலர்கள் வருவதற்கு முந்தைய நாள் மாலை, நீ ஐந்தரை மணி ரயிலுக்குக் கிளம்பிவிட்டாய். எனக்குக் கை பரபரத்தது. மறுநாள் எல்லாம் பளிச்சென்று இருக்கட்டும், உனக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். சீட்டிலிருந்த கடவுச்சொல்லைப் போட்டு நுழைந்தேன். குழுவின் எக்ஸை எடு, உள்ளே இருக்கிற அத்தனைக்கும் என்று ஒரே வரியில் கட்டளை கொடுத்தேன். ஒரு நொடியில் முடிந்தது. திறந்து பார்த்தேன், திறந்தது. திறக்காமல் என்ன செய்யும்? முதன்மைக் கணக்கை எந்த வாசலும் தடுக்காது என்று நீ முதல் நாளே சொல்லியிருந்தாய். அது என் மண்டையில் இல்லை. பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் கீழே இறங்கிப் போய் ஒரு தட்டு பஜ்ஜி தின்றுவிட்டுப் பேருந்து ஏறினேன்.

மறுநாள் பதினோரு மணி. அறங்காவலர்கள் நான்கு பேர், செயலாளர், பிரேமா அக்கா, நான். நீ நல்ல சுங்குடிச் சேலை கட்டி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாய். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அன்று ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியை இணைத்திருந்தாய். ஏற்பாட்டை இரண்டே நிமிடத்தில் விளக்கினாய். பிறகு பிரேமா அக்காவை, அவர் கணினியிலிருந்து வாசிப்புக் கோப்புறையைத் திறக்கச் சொன்னாய்.

அக்கா சொடுக்கினார். மறுபடி சொடுக்கினார். "உள்ள போக மாட்டேங்குதே" என்றார்.

என் கணினியில் நான் முயன்றேன், என் சொந்தக் கணக்கில். அனுமதி இல்லை என்று வந்தது. வெட்டு, கேட்பு இரண்டுக்கும் அதே பதில். யாராலும் எதற்குள்ளும் போக முடியவில்லை. கதவே இல்லாமல் கிடந்த வீட்டை நாம் சுவர் வைத்து அடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. செயலாளர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீங்க பாருங்கம்மா, திரையில என்ன இருக்கு?"

நான் பார்த்தேன். drwxrwS---. என் கண் அதன்மேல் நன்றாகத்தான் பட்டது. "எஸ் இருக்கு சார். எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

செயலாளர் பெருமூச்சு விட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்…" என்று தொடங்கினார். நீ கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம் சார். நான் கேட்டுக்கிறேன்" என்றாய். வழக்கமாக ஓட்டமாய் ஓடும் அந்தக் குரலை மெதுவாக்கி, அதே வரியை எழுத்து எழுத்தாக வாசிக்க வைத்தாய். டி. ஆர். டபிள்யூ. எக்ஸ். ஆர். டபிள்யூ. அடுத்த எழுத்தில் குரல் சட்டென்று ஒரு படி உயர்ந்து எஸ் என்றது. மற்ற எல்லா எழுத்தும் தரையில் நடந்தபோது அது மட்டும் எம்பிக் குதித்தது. பெரிய எழுத்து வந்தால் அது அப்படித்தான் உயரும் என்று அந்த அறையில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ மறுபடி ஒருமுறை கேட்டாய். பிறகு சொன்னாய்: "இது பெரிய எஸ். நாங்க வெச்சது சின்ன எஸ். சின்ன எஸ்ஸுக்குள்ள எக்ஸ் ஒளிஞ்சிருக்கும். எக்ஸை எடுத்துட்டா எஸ் பெரிசாயிடும். ஒரு கமாண்ட் தப்பா ஓடியிருக்கு சார், அவ்ளோதான். சரி பண்ணிடலாம்."

ஒரு கமாண்ட் தப்பா ஓடியிருக்கு. ஓட்டியவள் யார் என்று நீ சொல்லவில்லை. முதன்மைக் கணக்கிலிருந்துதான் அதைச் செய்திருக்க முடியும். முதன்மைக் கணக்கு ஒருத்தியிடம்தான் இருந்தது. செயலாளருக்கு அவ்வளவு தூரம் தெரியாது. அவர், "அப்ப உங்க ஏற்பாட்டுலதான் எங்கயோ…" என்று வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் வந்தது. அவர் உட்பட எல்லோரும் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டோம்.

அவ்வளவு நீளமான விமானத்தை நான் கேட்டதே இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உன் ஏற்பாட்டில் ஏதோ கோளாறு, அதை நீயே கண்டுபிடித்துச் சரிசெய்தாய் என்று போய்விடும். இன்சார்ஜ் வேலை மட்டும் உனக்குக் கிடைக்காது. ஒரு எழுத்து மாறிப் போய்விட்டதே, அதுவும் பார்வையில்லாதவள் வைத்த ஏற்பாட்டில். எனக்கோ வேலையும் போகாது, மானமும் போகாது. இதை நான் நினைத்தேன், மறைக்க மாட்டேன். நீ தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் பக்கமாகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாய்.

விமானம் போனது. செயலாளர் தொடர்வதற்குள் நான் எழுந்துவிட்டேன். பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "சார், நான்தான் சார் பேஜார் பண்ணிட்டேன். நேத்து சாயங்காலம் அது வூட்டுக்குப் போனப்புறம் நான்தான் சுத்தம் பண்றேன்னு அந்த எக்ஸை எடுத்தேன். பாஸ்வேர்டும் எங்கிட்டதான் இருந்துச்சு, கண்ணும் எங்கிட்டதான் இருந்துச்சு. இப்பகூட எஸ் இருக்குன்னு நான்தான் சொன்னேன். அது காதால கண்டுபுடிச்சிது."

நீதான் முதலில் பேசினாய், எதுவும் நடக்காத மாதிரி. "சரி, அடி. கோப்புறைகளை மட்டும் தேடணும், ஃபைல்களைத் தொடக் கூடாது. டைப், டி. அதுங்களுக்கு மட்டும் குழுவோட எக்ஸ். என்டர் தட்டாதே, முதல்ல படிச்சுக் காட்டு." ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினேன். ஓர் இடைவெளியைக்கூடச் சரிபார்க்காமல் நீ விடவில்லை. "இப்பத் தட்டு."

பிரேமா அக்கா சொடுக்கினார். திறந்தது. ஒரு புதுக் கோப்பில் ஒரு வரி வாசித்துச் சேமித்தார். அதை என் கணினியில் நான் திறந்து, அவர் இருமலை வெட்டிச் சேமித்தேன். உன் கணினியில் நீ திறந்து கேட்டாய். கோப்பின் உரிமையாளர் பிரேமா, குழு வாசிப்பு என்று ஒலிபெருக்கி எல்லோருக்கும் வாசித்துச் சொன்னது. அறங்காவலர்களில் ஒரு வயதான அம்மாள், "அந்த எழுத்து மாறினது உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார். "கேட்டுச்சு மேடம்" என்றாய். எனக்கு அந்த அம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கி, என் சிநேகிதி மேடம், என் சிநேகிதி என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

செயலாளர் என்னிடமிருந்து சீட்டை வாங்கி உன் கையில் வைத்தார். நீ அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இதுல என்ன எழுதியிருக்கு?" என்றாய். ஒரு கணம் அவர் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார், எல்லோரும் சிரித்தோம். படித்துக் காட்ட வாயெடுத்தவரைத் தடுத்து, "வேணாம் சார், புதுசா மாத்திக்கறேன். எல்லாரும் கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா?" என்றாய்.

திரும்பினோம். நான்கு அறங்காவலர்கள், செயலாளர், பிரேமா அக்கா, நான். கண் தெரிந்த ஏழு பேரும் சுவரைப் பார்த்து நின்றோம், உன் விரல்கள் விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. அந்தச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன்.

மாலையில் உன்னோடு ரயில் நிலையம்வரை நடந்தேன். நான்தான் என்று எப்போது தெரிந்தது என்று கேட்டேன். "அந்த எஸ் குதிச்சப்பவே" என்றாய். பின்னே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீ சொல்வேன்னு தெரியும். கொஞ்சம் டைம் வேணும்னு நெனைச்சேன். ஏரோப்ளேன் வேற ஒத்தாசை பண்ணுச்சு" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வஞ்சிர வறுவலைத் தின்றுகொண்டே நீ முழுக் கதையையும் அம்மாவிடம் ஒப்பித்தாய். அம்மா இன்னொரு துண்டை உன் தட்டில் வைத்து, "கண்ணு கீறவ கவுத்துட்டா, நீதான்மே நிமித்துன" என்றாள். அதற்கப்புறம் எனக்கு வீட்டில் மரியாதையே இல்லாமல் போனது.

ஆறு வருடம் நீ இன்சார்ஜாக இருந்தாய். எல்லாக் கோப்புறைகளையும் உன் பெயரில் மாற்றிக்கொண்டாய். ஒரு பாடம்கூட முடங்கவில்லை, ஒரு பாடம்கூட அழியவில்லை. வேறு ஊரிலிருந்த இதே மாதிரி அமைப்புகள் உன்னிடம் போனில் கேட்டுக் கேட்டு அமைத்துக்கொண்டன. பேசுவது பார்வையில்லாதவள் என்று அவர்களில் பலருக்குக் கடைசிவரை தெரியாது. நீயும் சொன்னதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நானே செய்த மாதிரி ஒரு கர்வம் எனக்கு வரும்.

தலைவலி என்று சொன்னாய். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் நீ இல்லை. உன்னை அடக்கம் செய்த மறுநாள் அலுவலகம் வந்தவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. உன் பெயரில் இருப்பதெல்லாம் உன்னோடு பூட்டிக்கொண்டிருக்குமோ என்று. நீ பாதியில் விட்டிருந்த கணிதத் திருத்தக் கோப்பைத் திறந்தேன். திறந்தது. மாற்றிச் சேமித்தேன். சேமித்தது. பிரேமா அக்காவும் தன் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தார். எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. "எல்லாம் தெறக்குதுடி" என்று அவர் அழுதார். ஒருவர் போனாலும் மற்றவர்கள் வேலையைத் தொடர வேண்டும் என்று நீ வைத்த ஏற்பாடு, உனக்கே அப்படிப் பயன்பட்டது. அந்தத் துக்கத்திலும் உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இப்போது கடவுச்சொல் என்னிடம். நீயே எனக்குச் சொல்லிவைத்ததுதான். என்டர் தட்டுமுன் வாய்விட்டுப் படிக்கிறேன். வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டு, உன் கணினியின் குரலை மெதுவாக ஓடவிட்டுக் காதாலும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். யாராவது எதையாவது கெடுத்துவிட்டால், ஒரு கமாண்ட் தப்பா ஓடியிருக்கு என்று மட்டும் சொல்கிறேன். பெரும்பாலும் அவர்களே வந்து சொல்லிவிடுகிறார்கள். ஒரு விமானம் போகிற நேரம் போதும்.

போன வாரம் புது சர்வர் வந்தது. பழைய ஆட்களின் கணக்குகளை நீக்கிவிடலாமா என்று செயலாளர் கேட்டார். நீக்கினால் உன் கணக்கும் போகும். கோப்புகள் அப்படியே இருக்கும், உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் வெறும் ஓர் எண் வரும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "யாரும் நுழைய முடியாதபடி பூட்டி மட்டும் வெச்சிடுங்க. எடுக்க வேணாம்" என்றார். அப்படியே செய்தேன்.

நேற்று உன் இடத்துக்கு ஒருவர் சேர்ந்திருக்கிறார். பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர், நடுவயதில் பார்வை போனவர். உன் மேசையில்தான் உட்கார வைத்தேன். சர்வரை ஒருமுறை சுற்றிக் காட்டினேன், அவர் காதால் சுற்றினார். ஒவ்வொரு கோப்புறையிலும் கணினி உன் பெயரை வாசித்தது. வாசிப்பு, உன் பெயர். வெட்டு, உன் பெயர். கேட்பு, உன் பெயர். அவர் ஹெட்ஃபோனை ஒதுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்துலயும் ஒரே பேரு வருதே, யாரு மேடம் இவங்க?"

நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்.

"சர்வர் இன்சார்ஜ்."